ஏழாவது ஏரிக்கு வராத தண்ணீர்

அந்த மனு என் மேசைக்கு வந்தபோது அது ஆறாவது மனு. முந்தைய ஐந்தும் அதே கோப்பில் அடியில் கிடந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே விஷயம். "எங்கள் ஊர் ஏரிக்கு நான்கு வருஷமாகத் தண்ணீர் வரவில்லை. மழை பெய்யாமல் இல்லை. பெய்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்." ஆறாவதில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. "மழை போதவில்லை என்று ஐந்து முறை பதில் எழுதிவிட்டீர்கள். மழை அளவு எழுதும் பதிவேடு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை ஒருமுறை திறந்து பார்க்கவும்."

அது எழுபதுகளின் கடைசி. பெரம்பலூரில் ஏரிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் டிரேசராக இருந்தேன். வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, மைப் பேனாவால் கோடு இழுத்து நகல் எடுக்கிற வேலை. யோசிக்க வேண்டிய வேலை இல்லை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கோடு எங்கே போகிறதோ அங்கே கை போக வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வந்திருந்த இன்ஜினியருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றுப்புண்காரர், மதியம் மோர் மட்டும் குடிப்பார். எரிச்சல் வந்தால் யாரையும் திட்டமாட்டார். என் மேசைக்கு வந்து என் பென்சில்களை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு மனுவைக் கையில் வைத்துக்கொண்டே நான்கு பென்சில் சீவினார்.

"பதிவேட்டப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். மழை எப்பவும் போலத்தான் பெஞ்சிருக்கு."

"அப்ப நாம அஞ்சு தடவை பொய் எழுதியிருக்கோம்."

"நீங்க வந்து ரெண்டு மாசந்தான சார் ஆவுது."

"அதனால என்னம்மா, சீல் அதே சீல்தான?"

அந்த ஓடை மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் ஆரம்பித்துக் கிழக்கே ஓடி, கடைசியில் மருதையாற்றில் சேர்கிறது. வழியில் மணி கோத்தாற்போல் ஏழு ஏரிகள். முதல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து இரண்டாவதற்கு, அது நிரம்பினால் மூன்றாவதற்கு. மனு போட்ட ஊர் குன்னம் பக்கத்தில், ஏழாவது ஏரியின் கீழே இருந்தது. மேலே உள்ள ஆறும் குடித்தது போக மிச்சம் இருந்தால்தான் அதற்கு.

இன்ஜினியர் சொன்ன வேலை கேட்பதற்கு எளிதாக இருந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த ஓடையின் இரு பக்கமும் யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று எல்லா ஆபீஸிலும் போய் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைய வேண்டும். "ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்றார். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஏனென்றால் எந்த ஆபீஸிலும் ஓடை என்ற ஒன்று இல்லை. காட்டிலாகாவில் மரம் இருந்தது, விவசாய ஆபீஸில் வரப்பு இருந்தது, யூனியன் ஆபீஸில் ரோடு இருந்தது, மின்சார ஆபீஸில் மோட்டார் இருந்தது, தாலுகா ஆபீஸில் பட்டா இருந்தது. ஓடையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி என்னைத்தான் பார்த்தார்கள். "அது உங்க ஆபீஸ் இல்லீங்களாம்மா?"

மலையடிவாரத்தில் முன்பு முள்ளும் புல்லுமாய்க் கிடந்த சரிவு முழுவதும் தைலமரம் நட்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்கக் காட்டிலாகா குமாஸ்தா மூன்று முறை என்னை நடக்கவிட்டார். "மரம் வெச்சா மழ வரும்னுதாம்மா ஊரே சொல்லுது. தண்ணி கொறையுதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை, படம்தான் கேட்டேன் என்றேன். "படம் எதுக்கு கேக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

விவசாய ஆபீஸில் மண் அரிக்காமல் இருக்கச் சரிவெல்லாம் வரப்பு போட்டிருந்தார்கள். நல்ல வேலை, அந்த வயல்களில் மண் நின்றது உண்மைதான். "ஒரு வயலுக்கு ஒரு வரப்பும்மா. அதுல எவ்வளவு தண்ணி நின்னுடப் போவுது?" யூனியன் ஆபீஸில் ஓடையைக் குறுக்கே வெட்டிப் போன புது ரோட்டைக் காட்டினார்கள். பாலம் இருந்த இடத்தில் இப்போது குழாய். "அந்தக் குழாயில ஒரு கன்னுக்குட்டி நிமுந்து போவும். தண்ணி போவாதா?" மின்சார ஆபீஸில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. கிணற்று மோட்டார் இணைப்புகளின் பட்டியலை நீட்டியபடி அங்கிருந்தவர் சொன்னார்: "நாங்க கரண்ட்தாம்மா குடுக்கறோம். தண்ணிய மோட்டாருல்ல எடுக்குது."

ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது வேறு. ஒவ்வொரு கோப்பிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. "இப்பணியினால் ஓடையின் நீர்வரத்திற்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதுமில்லை." தைலமரத்துக்கும் அதே வாக்கியம், ரோட்டுக்கும் அதே வாக்கியம், ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் தாலுகா ஆபீஸ் வீட்டுமனை கொடுத்ததற்கும் அதே வாக்கியம். பெரும்பாலும் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தது எங்கள் ஆபீஸ்தான். கூட இணைத்திருந்த படங்களில் இரண்டின் மூலையில் என் சுருக்கொப்பம் இருந்தது. நான்தான் வரைந்திருக்கிறேன். குழாயையும் நான்தான் வரைந்தேன். அன்று அது எனக்கு இரண்டு கோடும் ஒரு வட்டமும்.

மோட்டார் கிணறுகளைப் புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது ஏரிக்கும் நான்காவதுக்கும் நடுவில் என் சொந்த ஊர். பட்டியலில் அப்பாவின் பெயரும் இருந்தது. சுற்றியிருந்த கிணறுகளுக்கெல்லாம் புள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் கிணற்றை மட்டும் நாளைக்கு என்று விட்டேன். அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

அப்பா வெங்காயக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கிணற்றை இரண்டு முறை ஆழப்படுத்தி, உள்ளே பக்கவாட்டில் போரும் போட்டிருந்தார். தண்ணீர் குழாயில் நுரைத்து வந்தது.

"எவ்வளவு நேரம்பா மோட்டார் ஓடுது?"

"கரண்ட் இருக்கறவரைக்கும் ஓடும். எதுக்குக் கேக்கற?"

ஏழாவது ஏரி விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நான் ஒருத்தன் எறைச்சா அங்க ஏரி வத்திடுமா புள்ள?"

"நீங்க ஒருத்தர் இல்லப்பா. ஓடை நெடுக இதேதான் எல்லாரும் சொல்றாங்க."

"அப்ப எல்லாரையும் நிறுத்தச் சொல்லு, நானும் நிறுத்தறேன். நான் மட்டும் நிறுத்தினா என் வெங்காயம் கருவும், அவன் ஏரியும் நெறையாது. யாருக்கு லாபம்?"

அவர் சொன்னது தப்பென்றால் சண்டை போட்டிருப்பேன். கோப்பில் இருந்த வாக்கியத்தையே அவர் தன் பாஷையில் சொன்னார். அதுவும் அந்த வாக்கியத்தைவிட நாணயமாக. கோபத்தில் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். யார் மேல் கோபம் என்று பெரம்பலூர் வந்து சேரும்வரை தெரியவில்லை.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் இன்ஜினியர் ஓடையை நடந்தே பார்த்துவிடலாம் என்றார். அவர், நான், மனு போட்டவர். அவரை அன்றுதான் நான் நேரில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், சட்டைப்பையில் பேனா, கையில் பிளாஸ்டிக் பைக்குள் மனுக்களின் நகல்கள். அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். ஏழாவது ஏரிக்குக் கீழே துண்டு துண்டாக நிலம் கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு போகம் எடுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஏரி நிரம்பவில்லை.

"நெலம் குடுத்தாங்க, சந்தோஷம்" என்றார் நடந்துகொண்டே. "தண்ணிய அதோட சேத்துக் குடுக்க மறந்துட்டாங்க."

அடிவாரத்திலிருந்து நடந்தோம். முதல் ஏரி நிரம்பியிருந்தது. இரண்டாவது முக்கால். இன்ஜினியர் ஒவ்வொரு இடத்திலும் நின்று அளந்தார். வரப்புக்குப் பின்னால் கணுக்கால் தண்ணீர். வரப்போடு சேர்த்துக் கட்டிய தடுப்பணைக்குப் பின்னால் முழங்கால் தண்ணீர். வீட்டுமனை வந்த இடத்தில் வாய்க்கால் திரும்பி, ஒரு மாட்டுக்கொட்டகையைச் சுற்றி, பாதி அகலமாகிக் கிளம்பியது. அந்தக் கொட்டகைக்காரர் எங்களுக்கு மோர் கொடுத்து, "இது கொஞ்சந்தானுங்களே சார்" என்றார். ரோட்டுக் குழாயில் பாதிக்கு மேல் மண். கன்றுக்குட்டி அல்ல, ஆட்டுக்குட்டிகூடப் போக முடியாது. மேல்பக்கம் தண்ணீர் தேங்கி யாரோ ஒருவருடைய பருத்தியை அழுக வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பருத்திக்காரரும் மனு போட்டிருந்தாராம், தண்ணீர் அதிகமென்று. அது வேறு கோப்பு.

மனுக்காரர் ஓடை மணலில் குந்தி உள்ளங்கையால் தோண்டிக் காட்டினார்.

"முன்னல்லாம் இங்க ஒரு சாண் தோண்டினா ஊறுங்க. மணல் நனைஞ்சே கெடக்கும். மொத மழைக்கே எங்க ஏரிக்குத் தண்ணி வந்துடும். இப்ப ரெண்டு பக்கமும் கெணறெல்லாம் பாதாளத்துல கெடக்கு. மொத நாலு மழைய ஓடையே குடிச்சிடுது. அப்புறம் எங்களுக்கு எங்கேர்ந்து வரும்?"

இன்ஜினியர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மத்தியானம் என் ஊர் எல்லைக்கு வந்தோம். வேறு வழியாகப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஓடைக்கு ஏது வேறு வழி? அப்பா காட்டில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் மோட்டாரைப் போட்டார். "வாங்க, வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க. கைகால் கழுவுங்க." மனுக்காரர் குழாயடியில் குனிந்து வயிறு முட்டக் குடித்தார். இருவரும் வெங்காயத்தைப் பற்றிப் பேசினார்கள். எந்த உரம், எந்த விதை, மழை கூடினால் அழுகல் வருமா என்று. அப்பா அவருக்கு ஒரு முறம் வெங்காயம் அள்ளித் துண்டில் கட்டிக் கொடுத்தார். அவர் யாரென்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அப்பா யாரென்று அவரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது அப்பா, "ராத்திரிக்கி வூட்டுக்கு வந்துட்டுப் போ புள்ள" என்றார். மனுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். "உங்கப்பாவாம்மா?"

"ஆமாங்க."

"மொதல்லியே சொல்லியிருக்கலாமே. நல்ல மனுஷன்." பத்தடி நடந்து மறுபடி சொன்னார். "வழிபூரா நல்ல மனுஷங்களாத்தாம்மா இருக்காங்க. கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தா நான் எப்பவோ புடிச்சிருப்பேன்."

மறுநாள் மாலை ஏழாவது ஏரியை அடைந்தபோது ஏரிக்குள் ஆடுகள் மேய்ந்தன. கருவேலம் ஆளுயரம் வளர்ந்திருந்தது. மதகுக் கல்லில் உட்கார்ந்து இன்ஜினியர் தன் காலணியிலிருந்த முட்களைப் பிடுங்கினார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை அப்பாவின் கிணற்றுக்குப் புள்ளி வைத்தது. பிறகு மரத்துக்கு ஒரு துணி, வரப்புக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, மனைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரைந்த ஐந்து துணிகளையும், கீழே பல்பு எரிகிற கண்ணாடி மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தேன். ஒற்றைத் துணியைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அங்கங்கே நாலு கோடு, நாலு புள்ளி. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் நான்காவது ஏரிக்குக் கீழே ஓடை என்று காட்ட இடமே இல்லை. கறுப்பாக இருந்தது. இன்ஜினியர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இத ஒரு தடவ முன்னாடியே போட்டிருக்கலாமேம்மா" என்றார். "யாரும் கேக்கல சார்" என்றேன்.

அறிக்கையை அவரே எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதல்ல, எல்லாம் சேர்ந்து ஓடையைக் கொன்றுவிட்டது, இனி இந்த ஓடையில் யார் எதைச் செய்தாலும் ஏற்கெனவே நடந்தவற்றோடு கூட்டிப் பார்த்தே அனுமதி தர வேண்டும், ரோட்டுக் குழாயையும் வாய்க்காலையும் உடனே சரிசெய்ய வேண்டும் என்று. ஐந்து துணிகளையும் இணைத்துத் திருச்சியில் இருந்த மேலதிகாரிக்கு அனுப்பினோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு: "அறிக்கை பல துறைகள் சம்பந்தப்பட்டதாக உள்ளது. ஒவ்வொரு துறைக்கும் உரிய பகுதியைத் தனித்தனி அறிக்கையாகப் பிரித்து அனுப்பவும்."

இன்ஜினியர் என் மேசைக்கு வந்து பென்சிலை எடுத்தார். சீவிச் சீவி அது விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது.

"சேத்துப் பாக்கணும்னுதானம்மா எழுதினோம்?"

"ஆமா சார்."

"அதப் பிரிச்சி அனுப்பச் சொல்றாங்க."

பிரித்து அனுப்பினோம். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு துறைக்கும் அவரவர் துணி மட்டும் போனது. ஒவ்வொரு துறையிலிருந்தும் பதில் வந்தது. எல்லாப் பதிலிலும் அந்த வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. அவரவர் துணியை வைத்துப் பார்த்தால் அவரவர் சொன்னது சரிதான். எனக்கு அப்போது வந்த எரிச்சல் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. நான்கு மாதம் அலைந்து நாங்கள் ஒட்டவைத்ததை நாங்களே கத்தரித்து, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.

ரோட்டுக் குழாய் விஷயத்தை மட்டும் இன்ஜினியர் விடவில்லை. யூனியன் ஆபீஸ் படியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மண்ணை அள்ளினார்கள். பக்கத்தில் இன்னொரு குழாய் போடுவதாகவும் சொன்னார்கள். அள்ளிய மண்ணை ஓடைக்குள்ளேயே இரண்டு கரையிலும் குவித்தார்கள்.

அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏழு ஏரியும் நிரம்பின. இரண்டாவது ஏரியின் கரை உடைந்தது. ஏழாவது ஏரியின் கலிங்கில் தண்ணீர் வழிந்ததை மனுக்காரரே வந்து சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அன்று ஆபீஸில் எல்லோருக்கும் கடலை உருண்டை கொடுத்தார்.

பத்தாம் நாள் மேலிடத்து உத்தரவு வந்தது. "ஏரி முழுக் கொள்ளளவை எட்டியுள்ளதால் மனுவின் காரணம் நீங்கிவிட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது." இன்ஜினியர் அதன் நகலை மனுக்காரரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் நின்றபடியே வாசித்தார்.

"அப்ப வருஷா வருஷம் பொயல் வருமா சார்?"

மனுக்காரர் அந்தக் காகிதத்தையும் மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புயல் வரவில்லை. அடுத்த வருஷம் ஐந்தாவது ஏரியோடு தண்ணீர் நின்றது. இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. போகும் நாளில் ஐந்து துணிகளின் நகலையும் என்னிடம் கொடுத்து, யாராவது கேட்டால் கொடுங்கள் என்றார். நான் ஓய்வு பெறும்வரை யாரும் கேட்கவில்லை. அந்த ஓடையில் புதிது புதிதாக அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தபோதெல்லாம் நான் அந்தத் துணிகளை எடுத்துப் போய்ப் புதிதாக வந்த அதிகாரிகளின் மேசையில் விரித்தேன். ஒருவர் "நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்றார். இன்னொருவர் இதற்கெல்லாம் கட்டம் எங்கே இருக்கிறது என்று விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிக் காட்டினார். உண்மைதான், கட்டம் இல்லை. அப்பாவின் கிணறு எண்பதுகளின் நடுவில் வற்றியது. இன்னும் ஆழமாகப் போர் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். யாரோ "அம்மா" என்று கூப்பிட்டார்கள். மனுக்காரர். தலை நரைத்திருந்தது, சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. பிளாஸ்டிக் பை இல்லை.

"நெலம் என்னங்க ஆச்சு?"

"கெடக்குதும்மா, முள்ளு மொளைச்சி. நான் சுண்ணாம்புக்கல் குவாரிக்கி வந்துட்டேன். கல்லு ஒடைக்கற வேல இல்ல. மோட்டாரு போடற வேல."

"என்ன மோட்டாரு?"

"குழிய ஆழமா வெட்டறாங்கல்ல, ஊத்து பீறிக்கிட்டு வருது. தண்ணி நின்னா கல்லு எடுக்க முடியாது. அதனால பகல் பூரா எறைச்சு வெளிய விடணும். அதான் எனக்கு." பிறகு, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். "நல்ல தண்ணிதாம்மா. எங்க ஏரிக்குக் கீழ ஓடைல விடறோம். ஆத்துக்குப் போயிடுது."

"மேல திருப்பி ஏரிக்கி விட முடியாதாங்க?"

"கேட்டேன். அது வேற டிபார்ட்மெண்டாம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவரே கூட்டத்தை விலக்கி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.